பேக்கப் பாயும் படிக்காத பதினேழு சி.டி.யும்

தாம்பரத்துக்குத் தெற்கே, எந்தக் காரியமும் முதல் தடவையிலேயே ஒழுங்காக நடந்துவிடும் என்று ஒரு நிமிஷம்கூட நம்பாமல் வாழ்ந்த ஒரே மனிதர் பேக்கப் பாய்தான். சாயங்காலம் சூரியன் மறைந்தால், மறுநாள் அது வராமல் போவதற்கும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார். பையில் டார்ச் லைட் இருக்கும். இரண்டு இருக்கும்.

அவருக்கென்று ஒரு நிஜப் பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னொரு காப்பி எடுத்துப் பத்திரப்படுத்துவதற்கு பேக்கப் என்று பெயர். அதை அவர் வேலையாகச் செய்யவில்லை, வேண்டுதல் மாதிரி செய்தார். அதனால் கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிலிருந்து எதிர்ப்பக்கத்து டீ மாஸ்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் பேக்கப் பாய்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நாங்கள் இரும்புலியூரில் ஒரு மாடியில் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். மொத்தம் மூன்று பேர். முதலாளியின் மேஜையில் எம்.டி. என்று பித்தளைப் பலகை இருந்தது. இரண்டே பேரை மேய்ப்பதற்குப் பித்தளை தேவையா என்று நான் கேட்டதில்லை. அடுத்தது நான். கம்ப்யூட்டரில் பட்டமும், அதைவிடப் பெரிதாக எரிச்சலும் உள்ள முப்பத்தோரு வயதுக்காரி. மூன்றாவது பாய். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். கவலைப்பட்டுக் கவலைப்பட்டு எனக்குச் சித்தப்பா மாதிரி ஆகிவிட்டிருந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதிக்குப் பயந்து இருந்த ஒரே ஜன்னலையும் மூடியே வைத்திருந்ததால், பட்டப்பகலிலும் டியூப் லைட் வெளிச்சத்தில்தான் மூவரும் பிழைத்தோம்.

பாய் இரண்டு குடை கொண்டுவருவார். இரண்டு பேனா, இரண்டு கைக்குட்டை, இரண்டு சோற்று டப்பா. இரண்டாவது டப்பாவில் ரொட்டி. மதியம் முதல் டப்பா கெட்டுப்போயிருக்கவில்லை என்று தெரிந்த பிறகு அந்த ரொட்டியை எனக்குக் கொடுத்துவிடுவார். வீட்டுச் சாவியின் இன்னொரு சாவி ஆபீஸ் டிராயரில், மூன்றாவது சாவி டீக்கடையில். கல்யாணப் பத்திரிகை யாராவது கொடுத்தால் வாங்கிய கையோடு கீழே இறங்கிப்போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வருவார்.

பழைய நாற்காலியைத் தூக்கிப்போட அவர் விடமாட்டார். புது நாற்காலி வாங்கினால் அதில் ஒரு மாசம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுவரை பழையது பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரு மாசம் கழிந்தால் பழையதை மறந்துவிடுவோம். இப்படியே மூன்று பேர் ஆபீஸில் எட்டு நாற்காலிகள் சேர்ந்து, நடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து போய்க்கொண்டிருந்தோம்.

எதிர்க் கடையில் டீ மாஸ்டர் மாறியபோது, பாய் ஒரு வாரம் எனக்கு மட்டும் தினமும் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நெகிழ்ந்துபோனேன். தினம் பதினோரு மணிக்கு, "உடம்பு எப்டிகீது மேடம்?" என்று வேறு அக்கறையாக விசாரிப்பார். எட்டாவது நாள் அவரும் அதே டீயைக் குடிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த ஒரு வாரமும் அவர் பழைய மாஸ்டர் போன இடத்தைத் தேடிக்கொண்டு பெருங்களத்தூர் வரைக்கும் போய்க் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"புச்சு எதுவா இருந்தாலும் மொதல்ல வேற எங்கனா ஓட்டிப் பாக்கணும் மேடம்," என்றார், ஒளிவு மறைவில்லாமல்.

வேலையிலும் இதே கதைதான். வெப்சைட்டுகளுக்கு அடியில் ஓடும் மென்பொருளுக்கு வருஷா வருஷம் புதுப் பதிப்பு வரும். பழையதிலேயே இருந்தால் ஓட்டை வழியாக யாராவது உள்ளே புகுந்துவிடுவார்கள். அவசரப்பட்டுப் புதியதை ஏற்றினால் உள்ளே இருப்பது போய்விடும். மற்றவர்கள் அரை மணியில் ஏற்றுவதற்குப் பாய் மூன்று நாள் எடுத்துக்கொள்வார். முதலில் ஒரு காப்பி. அந்தக் காப்பியை மூலையில் கிடந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார். புதுப் பதிப்பை அந்தக் காப்பியில் ஏற்றிப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால்தான் நிஜ சைட்டைத் தொடுவார். தொட்ட பிறகும் பழையதை ஒரு மாசம் அழிக்கமாட்டார். நாற்காலிச் சட்டம்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவர் படிப்பது. காப்பியைத் திறந்து, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் குரலில், சத்தம் போட்டுப் படிப்பார்.

"எங்கள் மண்டபத்தில் ஐந்நூறு பேர் அமரலாம். மாடியில் ஐம்பது பேர் உறங்கலாம். மணமகன் அறையில் மட்டும் ஏ.சி. உண்டு."

"எதுக்கு பாய் இப்டி உயிரை வாங்கறீங்க? அதான் பக்கம் தொறக்குதே," என்பேன்.

"தொறக்குது மேடம். உள்ள இன்னா கீதுன்னு படிச்சாத்தானே தெரியும்? படிச்சுப் பாக்காத காப்பி காப்பியே இல்ல."

படித்து முடித்த காப்பியை சி.டி.யில் ஏற்றி, தேதி போட்டு, கீழே 'படிச்சது' என்று எழுதி, ஒரு நீல நிற பிஸ்கட் டப்பாவில் போடுவார். கிழட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழில் எது இருந்தாலும் அதில் கட்டமும் கேள்விக்குறியுமாகத்தான் தெரியும். ஆகவே தமிழ் சைட் என்றால் படிப்பதற்கு என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுவார். நான் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, எட்டு நாற்காலியில் எதிலாவது உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

இப்படி அவர் அதிகம் படித்தது பிரபுவின் சைட்டைத்தான்.

பிரபுவை நான் பார்த்ததில்லை. செலையூர்க்காரப் பையன், வளைகுடா நாடு ஒன்றில் வேலை. அங்கே அறையில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக 'ஒண்டிக்கட்டைச் சமையல்' என்று ஒரு சைட் வைத்திருந்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதற்கு அடியில் யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். அதிகம் எழுதியவன் அவன்தான். 'ரசம்: மூன்றாவது தோல்வி' என்று தலைப்புப் போடுவான். 'குக்கர் நான்கு விசில் அடித்தது. ஐந்தாவதை நான் அடித்தேன்' என்று எழுதுவான். ஒரு நாள் அங்கே சாலை விபத்தில் இறந்துபோனான். இருபத்தெட்டு வயது.

அவன் அப்பா ரங்கநாதன் சார் அந்த சைட்டை எங்களிடம் ஒப்படைத்தார். தபால் துறையில் முப்பத்தைந்து வருஷம் கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். முதல் நாள் வந்தபோது எம்.டி.யிடம் ரொம்ப மெதுவான குரலில் சொன்னார்:

"ஊர்ல இருக்கறவங்க கடுதாசியெல்லாம் என் கை வழியா போயிருக்கு சார். இவன் எனக்கு ஒரு கடுதாசிகூட எழுதினது கிடையாது. எல்லாம் போன்தான். அவன் எழுதினதுன்னு உலகத்துல இருக்கறது இது ஒண்ணுதான். இது போகாம பாத்துக்கணும்."

எம்.டி. "நோ ப்ராப்ளம் சார், வீ வில் டேக் கேர்" என்றார். பாய் புது சி.டி. ஒன்றைப் பிரித்தார்.

அன்றிலிருந்து வாரா வாரம் பிரபுவின் சைட்டுக்கு ஒரு காப்பி, வாரா வாரம் என் நாற்காலி பறிபோதல், வாரா வாரம் வாசிப்பு. ஒரு நாள் நான் ஒரு பள்ளிக்கூடத்து பிரின்சிபாலிடம் போனில் மிகவும் பணிவாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். பின்னால் பாய் கணீரென்று, "புளியை ஊறப் போடு, மடையா. இல்லையென்றால் நீ ஊறு," என்று படித்தார். பிரின்சிபால் போனை வைத்துவிட்டார். அந்தப் பள்ளிக்கூடம் போனது போனதுதான்.

நான் எம்.டி.யிடம் போய்க் கத்தினேன். ஒன்று நான் இருக்க வேண்டும், அல்லது இந்தப் பாராயணம் இருக்க வேண்டும் என்றேன். எம்.டி. பாயைக் கூப்பிட்டு, "பேக்கப் எடுங்க பாய், வேணாங்கல. நோ மோர் ரீடிங். அவங்க சிஸ்டத்தையும் டிஸ்டர்ப் பண்ணாதீங்க," என்றார்.

"சரி சார்," என்றார் பாய். அப்போது ஜூன் மாதக் கடைசி. அதற்குப் பிறகு ஆபீஸ் அமைதியாக இருந்தது. வெற்றி பெற்றவள் மாதிரி ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன் என்று எழுத இப்போது கை கூசுகிறது.

ஜூலையில் ரங்கநாதன் சார் வேறொன்றை ஆரம்பித்தார். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. சனிக்கிழமை தோறும் எங்கள் ஆபீஸுக்கு வந்து எம்.டி.யின் கம்ப்யூட்டரில் பிள்ளை எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தவர், ஒரு நாள், "இதுக்கு அடியில நானும் எழுதலாமா?" என்று கேட்டார். எழுதலாம் என்றோம். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, ஒரு வரி அடிக்க அரை மணி எடுத்துக்கொண்டார். 'ரசத்தில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லை' என்று பிரபு எழுதியிருந்ததற்கு அடியில், 'போடலை. உன் அம்மாவும் இப்படித்தான் மறப்பாள்' என்று அப்பா எழுதினார்.

அப்புறம் வாராவாரம் எழுதினார். செத்துப்போன பிள்ளைக்குப் பதில் எழுதும் மனிதர் ஒருவர் சனிக்கிழமை தோறும் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால், யாருக்கும் பெரிதாக வேலை ஓடாது. நானும் பாயும் அன்றைக்கு மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளமாட்டோம். அக்டோபர் முடிவதற்குள் நாற்பத்தொரு பதில்கள் சேர்ந்துவிட்டன. பாய் எண்ணி வைத்திருந்தார்.

நவம்பர் முதல் வார மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை ரங்கநாதன் சார் குடையில்லாமல் நனைந்துகொண்டு மாடியேறி வந்தார். தெருமுனை பிரவுசிங் சென்டரில் சைட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். முதல் பக்கத்தில் ஒரு மண்டையோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"யாரோ என் பிள்ளை செத்ததைக் கேலி பண்றாங்க சார்," என்று சொல்லிவிட்டு நின்றார்.

எங்கோ இருக்கும் எவனோ, ஆயிரம் சைட்டில் ஒட்டியதை இங்கேயும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான், பிரபுவை அவனுக்குத் தெரியாது என்று புரியவைப்பதற்குள் பாய்க்குத் தொண்டை வறண்டுவிட்டது. மண்டையோட்டை எடுத்துப்போட ஐந்து நிமிஷம்தான் ஆனது. ஆனால் சைட்டுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி, இந்தப் பழைய பதிப்பை வைத்திருந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து, வெள்ளிக்கிழமைக்குள் புதியதுக்கு மாற்றாவிட்டால் சைட்டை மூடிவிடுவோம் என்று நோட்டீஸ் அனுப்பிவிட்டது.

பாய் புதனும் வியாழனும் ஒத்திகை பார்த்தார். காப்பி எடுத்தார், கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டினார், அதில் புதுப் பதிப்பை ஏற்றினார். எத்தனை பதிவு இருக்க வேண்டுமோ அத்தனை இருந்தது. சொடுக்கிய இடமெல்லாம் திறந்தது. எழுத்துகள் கட்டமும் கேள்விக்குறியுமாக, அந்தக் கம்ப்யூட்டரில் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே இருந்தன.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது என் மேஜைக்கு வந்தார். கொஞ்ச நேரம் குடைகளை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், கோச்சுக்காதீங்க. தொழுதுட்டு வந்து ஒரே ஒரு தபா உங்க சிஸ்டத்துல படிச்சுப் பாத்துக்கறேன். ரெண்டே பக்கம். சத்தம் போடமாட்டேன், மனசுக்குள்ளயே படிக்கிறேன். அப்பறம் சைட்ல கை வைக்கலாம்."

"சரி பாய், போய்ட்டு வாங்க."

அவர் படியிறங்கிய பத்தாவது நிமிஷம் எம்.டி. வந்தார். "இன்னைக்குதான் டெட்லைன். என்ன பண்ணிட்டிருக்கீங்க? மூணு நாளா ஒரு அப்கிரேடா?" என்றார். ஒத்திகை சரியாக வந்துவிட்டது, மிச்சம் இருப்பது இருபது நிமிஷ வேலை, பாய் வருவதற்குள் முடித்துக் காட்டினால் இந்த மூன்று நாள் கூத்துக்கு ஒரு முடிவு வரும் என்று எனக்குத் தோன்றியது. பட்டம் வாங்கியவள் நான்தானே.

சர்வரில் இடம் போதவில்லை. பழையது பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. காப்பிதான் இருக்கிறதே என்று பழையதை அழித்தேன். நிஜமாகவே அழிக்கட்டுமா என்று அது ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்றேன். பாய் எடுத்து வைத்திருந்த காப்பியை ஏற்றி, புதுப் பதிப்பைப் போட்டு, பக்கத்தைத் திறந்தேன்.

என் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து உண்டு. ஆனாலும் தலைப்பிலிருந்து அடிவரைக்கும் கேள்விக்குறிகள். அடுத்த பக்கமும், அதற்கடுத்த பக்கமும் அப்படியே. நடுவில் பிரபு ஆங்கிலத்தில் எழுதியிருந்த பிரஷர் குக்கர் என்ற இரண்டு வார்த்தை மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இடம் கொடுத்த கம்பெனி ஜூன் கடைசியில் சைட்டை வேறு சர்வருக்கு மாற்றியிருக்கிறது. அன்றிலிருந்து சைட்டில் தமிழ் சரியாகத்தான் தெரிந்தது. காப்பி எடுத்தால் மட்டும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாக விழுந்திருக்கிறது. அந்தக் கம்பெனி தனக்கென்று எடுத்து வைத்திருந்த காப்பியும் அதே லட்சணம். ஒரே ஒருவர் ஒரே ஒரு பக்கத்தை என் கம்ப்யூட்டரில் படித்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். சரியாக இருந்த ஒன்றே ஒன்று சைட்டில் இருந்த பழையது. அதைத்தான் நான் அழித்திருந்தேன்.

பாய் தொப்பியோடு, நனையாமல், திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"பழசு கீதா மேடம்?"

"அழிச்சிட்டேன் பாய்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து, மேலிருந்து ஒவ்வொரு சி.டி.யாக என் மேஜையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் தேதி இருந்தது. தேதிக்குக் கீழே, நல்ல கையெழுத்தில், 'படிக்கலை' என்று இருந்தது. பதினேழு சி.டி., பதினேழு 'படிக்கலை'. எம்.டி. வேண்டாம் என்றார், சரி சார் என்றார், ஆனால் படிக்காததைப் படித்ததாக மட்டும் அவரால் எழுத முடியவில்லை. பதினெட்டாவது ஜூன் மாதத்து சி.டி. அதில் 'படிச்சது' என்று இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பாய் இடம் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சி மூன்று நாள் தவணை வாங்கினார். ஜூன் காப்பியை என் கம்ப்யூட்டரில் திறந்தார். பிரபு திரும்பி வந்தான். மூன்றாவது தோல்வி, நாலு விசில், ஊறப் போடாத புளி, எல்லாம். அவனுடையது ஓர் எழுத்துகூடப் போகவில்லை. போனது ஜூலையிலிருந்து எழுதப்பட்டது. ரங்கநாதன் சாரின் நாற்பத்தொரு பதில்கள்.

"நான்தான் பாய் செஞ்சேன். நானே அவர்கிட்ட சொல்லிடறேன்," என்றேன்.

"நீங்க அழிச்சீங்க, நான் படிக்கலை. ரெண்டு பேரும்தான் மேடம். இதுலயும் ஆளுக்கு ஒரு காப்பி வெச்சுக்குவோம்," என்றார். சிரிக்கவில்லை. விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை. ரங்கநாதன் சார் வழக்கம்போல வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். எம்.டி. அன்றைக்குப் பார்த்துப் பொத்தேரியில் ஒரு காலேஜைப் பார்க்கப் போய்விட்டார். நான் சொல்ல வாயைத் திறந்தேன். டீ சொல்லட்டுமா சார் என்றுதான் வந்தது. பாய் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. புள்ள எழுதினது அத்தினியும் பத்திரமா கீது. நீங்க எழுதினதுதான் போச்சு. காப்பியை நான் படிச்சுப் பாத்திருக்கணும். பாக்காம வுட்டுட்டேன்."

ரங்கநாதன் சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏதோ லாரி, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிந்த பிறகு கேட்டார்:

"அவனோடது ஒண்ணும் போகலையே?"

"ஒண்ணும் போகலை சார்."

"எங்க, படிங்க பாப்போம்."

பாய் எழுந்து என் பக்கம் திரும்பினார். உத்தரவுக்கு நின்றார். நான்கு மாதமாகப் பக்கத்தில்கூட வராத கம்ப்யூட்டருக்கு முன்னால், நான் போட்ட தடைக்கு முன்னால், அந்தப் பெரிய மனுஷன் அப்படி நின்றதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. நான் எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன்.

அதே செய்திக் குரல். "ரசம். மூன்றாவது தோல்வி. இன்று தக்காளியைக் கையால் பிசைந்தேன். அறை நண்பன் சுவரைப் பார்த்துவிட்டு, இங்கே கொலை நடந்ததா என்று கேட்டான்." கீழே ஜெராக்ஸ் மெஷின் நின்றது. நான்கு மாதம் கழித்துக் குரல் கேட்டதும் கடைக்காரர் படிக்கட்டில் ஏறிவந்து வாசலில் நின்றுகொண்டார். பாய் தொடர்ந்தார். "உப்புப் போட்டேனா என்று நினைவில்லை."

"போடலை," என்றார் ரங்கநாதன் சார், கண்ணை மூடிக்கொண்டு.

பாயின் குரல் அங்கே நின்றது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அன்று சாயங்காலம் வரைக்கும் படித்தார். ஞாயிற்றுக்கிழமையும் வந்து மிச்சத்தைப் படித்தார். ரங்கநாதன் சாரும் வந்து உட்கார்ந்து கேட்டார். கடைசிப் பக்கம் முடிந்ததும் பாய் ஒரு புது சி.டி.யில் தேதி போட்டு, 'படிச்சது' என்று எழுதினார். திங்கட்கிழமை அதை முதலில் கிழட்டுக் கம்ப்யூட்டரிலும், பிறகு நிஜ சைட்டிலும் புதுப் பதிப்போடு ஏற்றினார். ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது ரங்கநாதன் சார் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னோடது போனா போகட்டும் பாய். நான்தான் உசிரோட இருக்கேனே, மறுபடியும் எழுதிக்கறேன்."

அவர் இறங்கிப் போனபின் பாய் வெகுநேரம் டப்பாவை மூடிக்கொண்டே இருந்தார். மூடி சரியாகத்தான் மூடியிருந்தது.

நாற்பத்தொன்றும் திரும்பி வரவில்லை. பத்துப் பன்னிரண்டு பதில்கள் எழுதினார். அன்றைக்கு என்ன எழுதினேன் என்று ஞாபகம் இல்லையே என்று இரண்டொரு தடவை சொன்னார். எங்கள் பக்கம் குற்றம் சொல்லும் பார்வைகூட இல்லை. பிறகு கண்ணில் புரை விழுந்து, படிக்கட்டு ஏற முடியாமல், வருவது நின்றது. நான் செய்தது என்ன என்பதை அவரிடம் என் வாயால் சொல்லவேயில்லை. பாயும் காட்டிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு காப்பி இத்தனை வருஷமாக என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டாம் என்றாலும் அழியமாட்டேன் என்கிறது.

அடுத்த வருஷம் ஆபீஸை மூடிவிட்டோம். எட்டு நாற்காலிகளையும் பழைய சாமான்காரர் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு போனார். பித்தளைப் பலகையை எம்.டி. கையிலேயே எடுத்துக்கொண்டு போனார். பாய்க்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. கடைசியாக அவரைப் பார்த்தது தாம்பரம் ஸ்டேஷனில், செங்கல்பட்டு வண்டிக்கு நின்றுகொண்டிருந்தபோது. கையில் இரண்டு குடை.

"அங்க எப்டி இருக்கு பாய்?"

"பேஜாருதான் மேடம். எவனும் படிச்சுப் பாக்கறதில்ல."

வண்டி வந்துவிட்டது. அவசர அவசரமாகத் தன் செல்போன் நம்பரைச் சொன்னார். என் போனில் போட்டுக்கொண்டேன். திருப்பிப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஏறி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகர நகரச் சொன்னார்: "வேற எங்கனா ஒரு பேப்பர்லயும் எழுதி வெச்சுக்கோங்க மேடம். போனை நம்பாதீங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி சரி என்று கையை ஆட்டினேன்.

அந்தப் போன் மூன்றாவது மாசம் பல்லாவரத்தில் பஸ் கூட்டத்தில் தொலைந்தது. நம்பரை நான் வேறெங்கும் எழுதி வைக்கவில்லை.

இதை எழுதி முடித்ததும் இரண்டு காப்பி எடுத்தேன். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, முதலிலிருந்து சத்தம் போட்டுப் படித்தேன். 'போடலை' என்ற இடத்தில் எனக்கும் தண்ணீர் தேவைப்பட்டது. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாய் ஒரு தடவை படித்துவிட்டுச் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.